வசந்தன் வட்டமும் வகுப்பறையும்



இலக்கியத் தொடரிலே ஆடல் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. 1940ஆம் ஆண்டில் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்றொரு நூல் வெளிவந்தது. அதனைப் பதிப்பித்தவர் தி. சதாசிவ ஐயர். அவர் வித்தியாதரிசியாகக் கடமையாற்றியவர். அதாவது, பாடசாலைகளைப் பரிசோதிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். கிராமத்துச் சிறுவர்கள் கோயில் வீதியிலே கோலடித்து ஆடிய பாட்டுகளை இலக்கியமென மதித்து அச்சேற்றியவர் ஒரு கல்வி அதிகாரி என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும் செய்தி. அந்தப் பாட்டுகள் இன்று நமது நூலகங்களில் நாட்டார் இலக்கியம் என்ற அடுக்கிலே பத்திரமாக இருக்கின்றன. ஆடிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதே என் கேள்வி.

வசந்தனைக் கண்டிராத நேயர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். மட்டக்களப்புப் பிரதேசத்தில் அம்மன் கோயிற் சடங்கோடும் வேளாண்மையோடும் ஒட்டி வளர்ந்த ஆடல் இது. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வளர்ந்தோருக்குரியன. வசந்தன் பெரும்பாலும் சிறுவர்க்குரியது. பிள்ளைகள் இரு கைகளிலும் கோல் ஏந்தி வட்டமாக நிற்பர். நடுவிலோ ஓரத்திலோ அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். சல்லரித் தாளம் ஒலிக்கும். அண்ணாவியார் ஓரடி பாடப் பிற்பாட்டுக்காரரும் பிள்ளைகளும் அதனைத் திருப்பிப் பாடுவர். பாட்டுகளிலே பிள்ளையாரும் அம்மனும் வருவர். வேளாண்மை வெட்டும் வரும். மெதுவாகத் தொடங்கும் ஆட்டம் படிப்படியாக விரைந்து, இறுதியில் கோலோசை மழையாகக் கொட்டி ஒரே அடியில் நிற்கும்.

இந்த ஆட்டத்திலே கல்வியாளர் எவரும் எழுதிவைக்காத ஒரு கல்விமுறை இருக்கின்றது. வட்டத்துக்கு முன்வரிசை இல்லை, பின்வரிசையும் இல்லை. நன்றாக ஆடும் பிள்ளையை முன்னே நிறுத்தி, ஆடத் தெரியாததைப் பின்னால் மறைக்க இயலாது. தன் கோலைத் தானே ஒருமுறை தட்டும் பிள்ளை அடுத்த முறை வலப்புறத்துப் பிள்ளையின் கோலைத் தட்ட வேண்டும், அதற்கடுத்து இடப்புறம். தாளம் தவறினால் அயலவனின் கோல் விரல் முட்டியிலே விழும். வலிக்கும்! பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை; விரல் சொல்லிவிடும். பின்னலாட்டம் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் இடம்மாறி மாறி எல்லாப் பிள்ளைகளையும் நேர்முகமாகச் சந்தித்தே தன் இடத்துக்கு மீள முடியும். கோபத்தில் இருக்கும் இருவரும் ஒரு சுற்றில் ஒரு தடவையேனும் கோல் சேர்த்தாக வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கைவிட்டால் அதன் ஆட்டமும் கெட்டுவிடும்.

நான் படுவான்கரைப் பாடசாலையொன்றிலே தமிழ் படிப்பித்தவன். 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் அப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்ததை நேயர்கள் அறிவீர்கள். மறுவருடம் தரம் 7 வகுப்பு எனக்குத் தரப்பட்டது. 34 பிள்ளைகள். வெவ்வேறு முகாம்களில் இருந்துவிட்டு வந்தவர்கள். ஒரே ஊரவராக இருந்தும் பக்கத்து மேசைப் பிள்ளையோடு பேசாத பிள்ளைகள் பலர் இருந்தனர். பாடப்புத்தகத்தில் நாட்டார் பாடல் என்ற அலகு வந்தது. பாட்டை வாசித்தேன், அருஞ்சொற்பொருள் எழுதுவித்தேன். முகங்களில் ஓர் அசைவும் இல்லை. அடுத்த வாரம் ஊரிலிருந்த அண்ணாவியார் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தேன்.

எழுபது வயதைத் தாண்டியவர். பாடசாலை வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கொண்டே வாங்க ஐயா" என்றேன். "வேணாம் சேர், களரிக்குப் போறாப்போலதானே" என்றார்.

முதற்கேள்வியாக அவர் கேட்டது, "எத்தனை புள்ளையள்?" என்பது. முப்பத்துநாலு என்றேன். அதிலே ஆடக்கூடியவர்களாக ஒரு பன்னிரண்டு பேரைத் தெரிந்து தரட்டுமா என்றும் கேட்டேன். பாடசாலை வழக்கம் அதுதானே! அவருக்கு என் கேள்வி விளங்கவேயில்லை. "தெரியிறதா? என்னத்துக்குச் சேர்? இரட்டைப்பட இருக்கு, அது போதும்" என்றார்.

நேயர்களே, எனது ஆசிரிய வாழ்க்கையில் நான் கேட்ட கல்வித் தத்துவங்களுள் இதற்கு நிகரான ஒன்றை வேறெங்கும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது திறமையன்று, இரட்டை எண். ஒரு பிள்ளை வராத நாளில் எண்ணிக்கை ஒற்றைப்படும். அன்றைக்கு அண்ணாவியாரே மத்தளத்தை என்னிடம் தந்துவிட்டு இடைவெளியில் போய் நிற்பார். (என் மத்தள அடியைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) ஒரு பிள்ளை வராவிட்டால் அதன் இடம் வட்டத்தில் வெறுமையாகத் தெரிந்தது. வரவு இடாப்பில் ஒரு சுழி போடுவதற்கும், கோலை நீட்டும்போது அங்கே ஆளில்லாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கே தெரிந்தது. "ஏண்டா நேத்து வரல்ல?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினர். அதுவரை அந்தக் கேள்வியை நான் ஒருவனே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தளத்தின் முதல் அடிக்குத் திடுக்கிட்டுத் திரும்பிய பிள்ளைகளும் இருந்தனர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாவியார் அதைக் கவனித்தார். மறுநாள் மத்தளத்தைத் தொடாமல் கைதட்டியே பழக்கினார். பிறகு அந்தப் பிள்ளைகளையே அழைத்து மத்தளத்தை ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். தானே எழுப்பும் ஓசைக்கு எவரும் திடுக்கிடுவதில்லை. ஆடல் மனக்காயத்துக்கு மருந்து என்று பெரிய வார்த்தை பேச நான் வரவில்லை. அதற்குரிய அறிவு எனக்கில்லை. வைத்தியர்கள் செய்ய வேண்டியதை வைத்தியர்களே செய்ய வேண்டும். உடலைச் சுருக்கிக்கொண்டு இருந்த பிள்ளைகள் உடலை விரிக்கத் தொடங்கினர் என்பதை மாத்திரம் கண்டேன், அதனைச் சொல்கிறேன். இதேபோல், நடனம் பழகினால் கணக்கு வரும், ஞாபகசக்தி வளரும் என்றெல்லாம் சொல்லி நடனத்துக்கு நியாயம் தேடுவதும் எனக்கு உடன்பாடன்று. கணக்கைக் கணக்கு வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பாடசாலைகளிலே நடனம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அழகியற் பாடங்களுள் ஒன்றாகப் பரதமும் கிராமிய நடனமும் கற்பிக்கப்படுகின்றன. அர்ப்பணிப்புடன் கற்பிக்கும் நடன ஆசிரியைகள் பலரை நானறிவேன். ஆனால், பாடசாலை நடனத்தின் முழு மூச்சும் எங்கே போகின்றது? போட்டிக்குப் போகின்றது. தமிழ்த் தினப் போட்டிச் சுற்றுநிருபம் வந்ததும் அளவான உயரமும் அழகிய முகமும் உடைய பிள்ளைகள் தெரிவாகின்றனர். கோட்டத்தில் வென்றால் வலயம். வலயத்தில் வென்றால் மாகாணம். உடுப்பு வாடகைக்கும் சோடனைக்கும் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, "எனக்கு விருப்பமில்ல ரீச்சர்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். விருப்பமில்லை என்பதற்கு நமது பாடசாலைகளில் அநேகமாகக் காசில்லை என்றே பொருள். ஆண்பிள்ளைகளோ நடன வகுப்பை யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. வகுப்பில் முப்பத்துநாலு பேர் என்றால் ஆடுவோர் எட்டுப் பேர். கைதட்டுவோர் இருபத்தாறு பேர்.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என வந்தன. விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியால அளவிற்குச் செம்மையாக்கப்பட்டது. படித்தோர் அதனை மதிக்கத் தொடங்கினர். அந்தப் பணி நடந்திராவிட்டால் இன்று நான் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏறிய கூத்தைப் பாடசாலைகள் பின்பற்றியபோது, அவை எடுத்துக்கொண்டது மேடையை, விட்டுவிட்டது வட்டத்தை. பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தும், அங்கே கலைஞர்களே வேண்டப்பட்டனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு அது பொருந்துமா?

இதெல்லாம் பழைமையில் ஊறிய ஒரு தமிழ் வாத்தியாரின் ஏக்கம் என்று எவரும் தள்ளிவிடாதிருக்க, வெகு தூரத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். 2003ஆம் ஆண்டு தை மாதம், ஜேர்மனியின் பேர்லின் நகரில் 250 பாடசாலைப் பிள்ளைகளும் இளைஞர்களும் ஒரு பெரும் ஆடலை நிகழ்த்தினர். இசை வழங்கியது உலகப் புகழ்பெற்ற பேர்லின் பில்ஹார்மொனிக் இசைக்குழு. நடத்தியவர் சேர் சைமன் ரற்றில். ஆடல் அமைத்தவர் றொய்ஸ்ரன் மல்டூம் என்ற ஆங்கிலேயர். பிள்ளைகள் சுமார் 25 நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் அதற்குமுன் நடனம் பயிலாதவர்கள். மண்டபமோ முன்னர் பஸ் டிப்போவாக இருந்த இடம். பார்வையாளரிடையே பிள்ளைகளின் தாய் தகப்பனும் உற்றாரும் இருந்தனர். ஆடிய இசை, ஸ்ராவின்ஸ்கி இயற்றி 1913இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறி, சபையினரின் கூச்சலுக்கு உள்ளான படைப்பு. அதன் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வசந்தச் சடங்கு' என்றுதான் சொல்ல வேண்டும். சடங்கில் ஆடும் வசந்தனைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டவுடன் சிரிப்பும் வந்தது, சிலிர்ப்பும் வந்தது.

இந்த முயற்சி பற்றிய விவரணப்படம் 2004இல் வெளியாயிற்று. 'றிதம் இஸ் இற்' என்பது அதன் பெயர். வெளிநாட்டிலிருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அதனை அனுப்பியிருந்தான். அதிலே என்னைப் பிடித்து நிறுத்திய இடம் நிறைவு ஆட்டமன்று. ஒத்திகையில் வரும் ஒரு தகராறு. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கதைக்கிறார்கள், கூச்சத்தால் நெளிகிறார்கள். மல்டூம் கண்டிப்பானவர். அமைதியாக நில்லுங்கள், உங்களால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று விடாது கேட்கிறார். ஆசிரியர்கள் தயங்குகின்றனர்; இந்தப் பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பது அவர்களின் கவலை. அவரோ விட்டுக்கொடுக்கவில்லை. நேயர்களே, அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகள்மேல் இரக்கம் உள்ளவர்கள். ஆனால், "இதுகள் பாவம், இவ்வளவுதான் முடியும்" என்ற இரக்கத்தைப்போலப் பிள்ளையைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை. நமது கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் அந்த இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது என்றால் தரத்தைக் கைவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் அண்ணாவியாரும் மல்டூமைப்போலவே கண்டிப்பானவர். முப்பத்துநாலு பேரையும் சேர்த்துக்கொண்டார். முப்பத்துநாலு பேரிடமும் சுத்தமான தாளத்தைக் கேட்டார்.

வானொலியிலே பேசுவதால் இன்னொரு செய்தியையும் இடையிற் சொல்லிவிடுகிறேன். 1930களில் பி.பி.சி. வானொலி பிரித்தானியப் பாடசாலைகளுக்கென 'இசையும் அசைவும்' என்றொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ஆன் டிரைவர் என்னும் பெண்மணி அதனை நடத்தினார். மண்டபத்தில் வானொலிப் பெட்டியைத் திறந்துவிட்டால், அதிலிருந்து வரும் குரலுக்கும் இசைக்கும் ஏற்ப வகுப்பு முழுவதும் அசையும். உருவம் தெரியாத ஒரு குரல் பிள்ளைகளை ஆட்டுவித்தது! பின்னர், ஜேர்மனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்தில் குடியேறிய றுடோல்ப் லாபன் 1948இல் கல்விசார் நடனம் பற்றி ஒரு நூல் எழுதினார். அடவுகளைத் திணிக்குமுன் பிள்ளையின் இயல்பான அசைவிலிருந்து தொடங்க வேண்டும், பாரம், காலம், வெளி, ஓட்டம் ஆகியவற்றை உடலால் உணரச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயப் பாடசாலைகளில் அது வேரூன்றியது. நமது வானொலிகளும் சிறுவர் நிகழ்ச்சிகள் பல நடத்தின. பிள்ளைகளை இருந்து கேட்கச் சொன்னோமேயன்றி எழுந்து ஆடச் சொன்னது குறைவு.

மீண்டும் படுவான்கரைக்கு வருகிறேன். வசந்தன் வட்டத்தைப் புகழ்ந்து பேசினேன். அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மரபிலே பெண்பிள்ளைகள் அதில் ஆடவில்லை. சில குடியினரின் பிள்ளைகளும் எல்லாக் கோயில் வீதிகளிலும் ஆடவில்லை. எனது வகுப்பில் பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேர். அவர்களும் ஆடப்போகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் போனதும் பெரியவர்கள் இருவர் அதிபரிடம் வந்தனர். அதிபர் நிதானமானவர். "கோயில் வீதியில இல்ல, பள்ளிக்கூட வளவுக்குள்ளதான். வந்து பாருங்க" என்றார். அண்ணாவியாரும் முதலில் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைச் சப்பியபடி நெடுநேரம் இருந்தார். அவர் கோட்டுக்கு அப்புறம் நிற்பாரோ என்று நான் அஞ்சினேன்.

அன்று மாலை ஒரு மாணவியின் அம்மம்மா ஒத்திகை பார்க்க வந்திருந்தார். அண்ணாவியார் ஒரு பாட்டின் மூன்றாம் அடியில் தடுமாறினார், வயதின் மறதி. வேலி ஓரத்தில் நின்ற அந்த அம்மம்மா, முந்தானையால் வாயை மறைத்தபடி அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தார். அதற்கடுத்த அடியையும். முழுப் பாட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "பழகவா? எங்கள எங்க விட்டவங்க மனே? அண்ணன்மார் ஆடக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டன்" என்றார். அறுபது ஆண்டுகள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்! அண்ணாவியார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். மறுநாள் பெண்பிள்ளைகளை வட்டத்துக்குள் தாமாகவே அழைத்தார். எப்பொழுதும்போல் எண்ணினார்; இரட்டைப்பட இருந்தது.

இதன்பின் ஊர் தானாகவே வந்தது. தகப்பன்மார் காட்டுக்குப் போய்க் கம்பு வெட்டிச் சீவிக் கோல் செய்தனர். முன்னொருகாலத்தில் பிற்பாட்டுப் பாடியவர்கள் மூவர் வந்தனர். தாய்மார் தேநீர் கொண்டுவந்தனர். ஒத்திகை முடிந்தும் போகாமல் இருந்து பழைய கூத்துகளைப்பற்றியும், இல்லாமற் போனவர்களைப்பற்றியும் கதைத்தனர். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் மூன்று அனுப்பியும் வராதவர்கள் இவர்கள். கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கவே இருந்தது. இங்கே கற்பிக்க இருந்தது. சமூகத்தைப் பாடசாலையோடு இணைப்பது எப்படி என்று கருத்தரங்கு வைக்கிறோமே, அதற்கு எனக்குத் தெரிந்த விடை இவ்வளவே.

போட்டிக் காலம் வந்தது. வசந்தனைக் கொண்டுவரலாம், ஆனால் முப்பத்துநாலு பேரை ஏற்க முடியாது, விதிப்படி குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று பதில் கிடைத்தது. பதில் தந்தவரைக் குறை கூறவில்லை. விதி அவர் இயற்றியதன்று. அண்ணாவியாரிடம் சொன்னேன். "ஆரக் கழிக்கிற சேர்?" என்றார். நாங்கள் போகவில்லை. பாடசாலை வளவிலே, மாலை நான்கு மணிக்கு, கூரை போட்ட மேடை ஒரு பக்கம் சும்மா இருக்க, நடு நிலத்தில் ஆடினோம். சுற்றிவர ஊர் நின்றது. எங்கிருந்து பார்த்தாலும் ஏதோவொரு பிள்ளை முன்னுக்குத் தெரிந்தது. அது யாரோ ஒருவரின் பிள்ளையாக இருந்தது. வெற்றிக் கேடயம் கிடைக்கவில்லை. எனவே பாடசாலையின் சாதனைப் பலகையில் அந்த ஆண்டுக்குரிய நிரல் வெறுமையாகவே உள்ளது.

நிறைவாக நடைமுறைச் சிக்கல் ஒன்று. அந்த மூன்று மாதமும் அண்ணாவியாருக்குக் கொடுக்கப் பாடசாலைக் கணக்கில் ஒரு சதமும் இல்லை. வெளியாருக்கு வேதனம் கொடுப்பதாயின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஐம்பது கூத்துக்குமேற் பழக்கியவர். ஆனால் எந்தப் பரீட்சைக்கும் தோற்றாதவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் தங்களுக்குள் சேர்த்து ஒரு வேட்டியும் சால்வையும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தனர். பொன்னாடை போர்த்துவதில் நாம் கெட்டிக்காரர். ஆண்டுதோறும் கலைஞர் கௌரவிப்பு நடத்துகிறோம். அதற்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு ஓர் அண்ணாவியாரை வகுப்புக்கு அனுப்ப வழி செய்யலாம். நடன ஆசிரியையின் இடத்தை அவர் பிடிக்க வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து நின்று பழக்கலாம். சுற்றுநிருபம் எழுதுவோர் இந்த நிகழ்ச்சியைக் கேட்பார்களாயின், ஆடுவோர் தொகைக்கு எதிரே உள்ள இலக்கத்தை எடுத்துவிட்டு, 'ஒரு வகுப்பு' என்று எழுதிப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

எங்கள் அண்ணாவியார் இன்று இல்லை. அவருடைய கொப்பி, நீலக் கோடு போட்ட பழைய கணக்குக் கொப்பி, அன்று மூன்றாம் அடியை எடுத்துக்கொடுத்த அம்மம்மாவின் பேத்தியிடம் இருக்கிறது. அவள் இப்போது வேறொரு பாடசாலையில் ஆரம்பப்பிரிவு ஆசிரியை. தன் வகுப்பில் இருபத்தொன்பது பிள்ளைகள், ஒற்றைப்படுகிறது, என்ன செய்யட்டும் சேர் என்று சென்ற தவணையில் தொலைபேசியில் கேட்டாள். நீயே போய் நில் என்றேன்.